பழைய ஃபோர்ட் மஸ்டாங் வச்சிருக்கீங்களா? சாமான் வாங்குறதுக்கு முன்னாடி உள்ள என்ன என்ஜின்னு பாருங்க

ஏர் கிளீனர் மூடியில 289-ன்னு (கியூபிக் இஞ்ச் கணக்குல என்ஜின் அளவு) ஸ்டிக்கர், வித்தவரும் 289-ன்னாரு, அதை நம்பி கோலாலம்பூர் செந்தூல் பக்கம் ஒரு அண்ணன் நாலு மாசம் அலைஞ்சாரு. 1966 மஸ்டாங் ஹார்ட்டாப், நல்லா ஓடிக்கிட்டிருந்த காடிதான். ஒரு நாள் பிளக் கேபிள் பழசாச்சேன்னு ஒரு ஒர்க்‌ஷாப்ல மாத்தினாரு, அன்னையிலேருந்து ஆட்டம், கார்புரேட்டர் வழியா பட்டாசு மாதிரி சத்தம், ஜாலான் ஈப்போ சிக்னல்ல நின்னா பக்கத்து மோட்டார் சைக்கிள்காரன் எல்லாம் திரும்பிப் பாக்குறான். கார்புரேட்டர் மாத்தினாங்க, டிஸ்ட்ரிபியூட்டர் மாத்தினாங்க, காயில் மாத்தினாங்க, கடைசியில வால்வு போச்சு ஹெட்டைக் கழட்டணும்னு சொல்லிட்டாங்க. எங்கிட்ட வந்தப்போ நான் முதல்ல காடியைத் தூக்கி ஸ்டார்ட்டர் மேல டார்ச் அடிச்சுத்தான் பாத்தேன். பிளாக்ல இருந்த எழுத்து இ6எஸ்இ. அது 289 கிடையாது, 80-கள்ல வந்த 5.0 ஹெச்.ஓ. என்ஜின் (302-தான், 5 லிட்டர்னு பேரு, பவர் கூடின வகை), யாரோ எப்பவோ மாத்தி வச்சிருக்காங்க. அதோட ஃபயரிங் ஆர்டரே (எந்த சிலிண்டருக்கு அடுத்து எது பத்திக்கும்ங்கற வரிசை) வேற. நாலு கேபிளை இடம் மாத்தி போட்டேன், காடி பூ மாதிரி நின்னுச்சு.

இதுக்காகத்தான் எழுதுறேன். மஸ்டாங்க எடுத்துக்கிட்டு கேக்குறவங்க எல்லாரும் முதல் கேள்வியா என்ன கேம் (வால்வைத் திறக்குற தண்டு) போடலாம், என்ன கார்ப் (கார்புரேட்டர்) போடலாம்னுதான் கேக்குறாங்க. இந்தக் காடிங்களுக்கு 55 வயசு தாண்டிருச்சு, எத்தனை கை மாறியிருக்கு, எத்தனை நாடு மாறியிருக்கு, உள்ள இருக்குறது ஃபேக்டரியில போட்டதுதான்னு யாரும் சொல்ல முடியாது. இரும்புல என்ன எழுதியிருக்கோ அதை மட்டும் நம்புங்க.

முதல்ல சேசிஸ் நம்பர். 1965, 66, 67 மாடலுக்கு பானெட்டைத் திறந்து இடது பக்க ஃபெண்டர் உள்பக்கத் தகட்டு மேல பாருங்க, அங்கதான் குத்தியிருப்பாங்க. 1968-லேருந்து டேஷ்போர்டு மேலயே கண்ணாடி வழியா தெரியுற மாதிரி தகடு வந்துருச்சு. 5எஃப்07சி-ன்னு ஆரம்பிச்சா, 5 வந்து 1965 மாடல், எஃப் டியர்போர்ன் ஃபேக்டரி (ஆர்-னா சான் ஹோசே, டீ-னா மெட்டச்சன்), 07 ஹார்ட்டாப், 08 கன்வெர்ட்டிபிள், 09 ஃபாஸ்ட்பேக். அஞ்சாவது இடத்துல வர்ற எழுத்துதான் என்ஜின். 1965, 66-ல சி-ன்னா 289 ரெண்டு பேரல் கார்ப் 200 குதிரை, ஏ-ன்னா நாலு பேரல் 225 குதிரை, கே-ன்னா எல்லாரும் தேடுற ஹைபோ (ஹை பெர்ஃபார்மன்ஸ்) 271 குதிரை, டீ-ன்னா 200 கியூபிக் இஞ்ச் ஆறு சிலிண்டர். 1968-ல 302 வந்துருச்சு, எஃப் ரெண்டு பேரல், ஜே நாலு பேரல், எஸ்-னா பெரிய 390. ஆனா இது காடி பிறந்தப்போ என்ன இருந்துச்சுன்னு மட்டும்தான் சொல்லும். இப்ப என்ன இருக்குன்னு சொல்லாது. அந்த அண்ணன் காடியும் நம்பர்படி சி கோட் தான்.

டீ-ன்னு இருந்து இப்ப உள்ள வி8 கெடந்தா உடனே வீலைப் பாருங்க. ஆறு சிலிண்டர் காடிக்கு நாலு நட், வி8-க்கு அஞ்சு நட். வி8-ஐ ஏத்திட்டு கீழ நாலு நட்டே இருந்துச்சுன்னா அந்தக் காடியோட பிரேக், முன் பக்க ஸ்பிண்டில், பின் ஆக்ஸில் எல்லாம் ஆறு சிலிண்டருக்கு செஞ்ச சின்ன சாமான். என்ஜின் அப்கிரேட் பேச்சே வேணாம், அதை சரி பண்ணுற வரைக்கும் ஹைவேல ஏத்தாதீங்க.

இப்ப பிளாக். வி8-ல காஸ்டிங் நம்பர் வலது பக்கம், பின்னாடி, கீழ, ஸ்டார்ட்டர் மோட்டார் பக்கத்துல இருக்கும். இங்க ஒண்ணு சொல்லணும், இதுலதான் நம்ம ஊர்ல பாதிப் பேரு தப்பு பண்றாங்க. அமெரிக்கா புத்தகம் எல்லாத்துலயும் பேசஞ்சர் சைடு, டிரைவர் சைடுன்னுதான் போட்டிருக்கும். அவங்களுக்கு ஸ்டீரிங் இடது பக்கம். நம்ம காடி வலது ஸ்டீரிங்கா மாத்தினது. அதனால அவங்க பேசஞ்சர் சைடுன்னு சொல்றது நமக்கு டிரைவர் உக்காருற பக்கம். ஒண்ணாம் சிலிண்டர் பேசஞ்சர் சைடு முன்னாடின்னு படிச்சுட்டு நம்ம காடியில இடது பக்கம் போயி கேபிள் மாட்டுனா கதை முடிஞ்சுது. நான் எப்பவுமே காடிக்கு உள்ள உக்காந்து முன்னாடி பாக்குற மாதிரி வலது இடதுன்னு மட்டும்தான் சொல்வேன், நீங்களும் அப்படியே பழகிக்கோங்க. வலது பக்கம் முன்னாடிலேருந்து பின்னாடி 1, 2, 3, 4. இடது பக்கம் 5, 6, 7, 8.

ஸ்டார்ட்டர் பக்கத்துல ஸ்டீரிங் பாக்ஸும் வந்து நிக்கிறதால நமக்கு பாக்குறது கஷ்டம்தான், காடியை ஸ்டேண்டுல ஏத்தி, கிரீஸை டீசல்ல நல்லா கழுவி, சின்ன கண்ணாடி வச்சுப் பாருங்க. முதல் எழுத்து பத்தாண்டு: சி 60-கள், டி 70-கள், இ 80-கள். அடுத்த நம்பர் வருஷம். மூணாவது எழுத்து எந்தக் காடிக்காக டிசைன் பண்ணாங்கன்னு, நாலாவது என்ஜின் பிரிவு. அப்போ சி8ஓஇ-ன்னா 1968-ல டிசைன் பண்ண 302 பிளாக். கவனிங்க, அது டிசைன் வருஷம், அச்சு வார்த்த வருஷம் இல்ல. வார்த்த தேதி பக்கத்துல தனியா சின்னதா இருக்கும், 8சி12-ன்னா 8-ல முடியுற வருஷம், மூணாவது மாசம், 12-ஆம் தேதி. மாசத்துக்கு ஏ-லேருந்து எம் வரைக்கும் எழுத்து, நடுவுல ஐ மட்டும் கிடையாது, அதனால ஜே-ன்னா செப்டம்பர்.

பிளாக் 289-ஆ 302-ஆன்னு வெளிய பாத்து சந்தேகம் வந்தா, ரெண்டுக்கும் போர் ஒண்ணுதான், 4.00 இஞ்ச். ஸ்ட்ரோக்குதான் வித்தியாசம், 2.87-ம் 3.00-ம். மூணு மில்லிமீட்டர் சொச்சம். பிளக் ஓட்டை வழியா குச்சி விட்டு அளக்குறேன்னு போகாதீங்க, பிளக் சாய்வா இருக்குறதால அளவு சரியா வராது. ஆயில் பேனைக் கழட்டினா கிராங்க் மேலயே தெரியும், 1எம்-ன்னு இருந்தா 289, 2எம்-ன்னு இருந்தா 302. பேனைக் கழட்டுனதுக்கு இன்னொரு லாபம் இருக்கு, அதை அப்புறம் சொல்றேன்.

351 (வின்சர், கிளீவ்லேண்டுன்னு ரெண்டு வகை) இருந்தா கண்ணுலயே தெரிஞ்சுடும். வின்சர்னா 302 மாதிரியே இருக்கும், ஆனா உயரம், அகலம் கூட. கிளீவ்லேண்டுன்னா வால்வு கவர்ல 8 போல்ட் (வின்சருக்கு 6), ரேடியேட்டர் மேல் ஹோஸ் பிளாக்லேருந்து நேரா மேல கிளம்பும். ஒண்ணோட சாமான் இன்னொண்ணுக்குப் பொருந்தாது, ஹெட்டு ஒண்ணு, இன்டேக் ஒண்ணுன்னு கலந்து வாங்கிடாதீங்க.

அந்த ஃபயரிங் ஆர்டர் விஷயம் கொஞ்சம் நின்னு சொல்றேன், ஏன்னா இது எல்லாருக்கும் வரக்கூடியது. பழைய 289, 302-க்கு 1-5-4-2-6-3-7-8. 351 வின்சருக்கும், 1982-லேருந்து வந்த 5.0 ஹெச்.ஓ.-வுக்கும் 1-3-7-2-6-5-4-8. ரெண்டையும் மேல கீழ எழுதிப் பாருங்க, 1, 2, 6, 8 ஒரே இடத்துல நிக்கும், 3-ம் 5-ம் இடம் மாறியிருக்கும், 4-ம் 7-ம் மாறியிருக்கும். அதனாலதான் தப்பா மாட்டினாலும் என்ஜின் ஸ்டார்ட் ஆயிடும், நாலு சிலிண்டர் ஒழுங்கா வேலை செய்யும், மீதி நாலு எதிர்த்து நிக்கும். போமன் (மெக்கானிக்) பாத்துட்டு டியூனிங் பிரச்சினைன்னு நினைச்சுக்குவாரு. இன்னொண்ணு, ஆர்டரை முடிவு பண்றது கேம்ஷாஃப்ட், பிளாக் இல்ல. பழைய 302 பிளாக்ல யாராவது ஹெச்.ஓ. கேம் போட்டிருந்தா அதுக்கும் புது ஆர்டர்தான்.

தெரிஞ்சுக்க ஒரு சுலபமான வழி இருக்கு. காயில் வயரை எடுத்துடுங்க, எட்டு பிளக்கையும் கழட்டுங்க. ஒண்ணாம் சிலிண்டர் ஓட்டையில விரலை வச்சு கிராங்கை முன்னாடிலேருந்து பாத்தா கடிகாரம் சுத்துற பக்கமா மெதுவா சுத்துங்க, காத்து விரலைத் தள்ளும், டைமிங் மார்க் ஜீரோவுக்கு வரும்போது நிறுத்துங்க. இப்ப ஒரு ஆள் விரலை 3-லயும் இன்னொரு ஆள் 5-லயும் வச்சுக்கிட்டு இன்னும் கால் சுத்து சுத்துங்க. 5-ல காத்து தள்ளுனா பழைய ஆர்டர், 3-ல தள்ளுனா ஹெச்.ஓ. ஆர்டர். பத்து நிமிஷ வேலை. அந்த அண்ணனுக்கு முதல் நாளே யாராவது இதைப் பண்ணியிருந்தா மூவாயிரம் வெள்ளி (ரிங்கிட்) மிச்சம்.

அடுத்து பேலன்ஸ், இதுல தப்பு பண்ணா என்ஜினே உடையும். இந்த சின்ன வி8-ல பேலன்ஸ் வெயிட்டு ஒரு பகுதி வெளிய, முன்னாடி டேம்பர்லயும் (கிராங்க் முனையில இருக்குற சக்கரம்) பின்னாடி ஃப்ளைவீல்லயும் இருக்கு. பழசுக்கு 28 அவுன்ஸ், 80-கள் ஆரம்பத்துக்கு அப்புறம் வந்த 5.0-க்கு 50 அவுன்ஸ். 50 என்ஜின்ல 28 ஃப்ளைவீல் மாட்டினா 2000 ஆர்பிஎம் தாண்டுனதும் காடியே நடுங்கும், பேரிங், கிராங்க் எல்லாம் போயிடும். கியர்பாக்ஸ் மாத்துறப்போ ஃப்ளைவீல் கூட மாறிப் போயிடும், அப்பதான் இந்தத் தப்பு நடக்குது. ஆரம்பத்துல, 1964-ல செஞ்ச வி8-கள்ல பெல்ஹவுசிங்குக்கு 5 போல்ட், அதுக்கப்புறம் 6 போல்ட், இதையும் எண்ணிப் பாத்துட்டு கியர்பாக்ஸ் வாங்குங்க.

சரி, என்ஜின் என்னன்னு தெரிஞ்சுபோச்சு. இப்ப நல்லா இருக்கான்னு பாருங்க. கம்ப்ரஷன் டெஸ்ட், சூடான என்ஜின்ல, த்ராட்டில் முழுசா திறந்து வச்சு. எட்டும் ஒண்ணுக்கொண்ணு பக்கத்துல இருக்கணும், அளவு எவ்வளவுங்கறதைவிட அதுதான் முக்கியம். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து வச்சுட்டு கிராங்கை முன்னும் பின்னும் கையால ஆட்டுங்க, கிராங்க் 8, 10 டிகிரி நகர்ந்த அப்புறம்தான் ரோட்டர் அசையுதுன்னா டைமிங் செயின் தொங்கிப் போச்சு. அந்தக் காலத்து கேம் கியர்ல சத்தம் கம்மியா இருக்கட்டும்னு பல்லு நைலான்ல வச்சாங்க, வயசாகி உடைஞ்சு ஆயில் பேன்ல விழும், ஆயில் பம்ப் வாய்க்குப் போயி அடைக்கும். பேனைக் கழட்டுனா இதையும் பாத்துடலாம்னு சொன்னேனே, இதான். டபுள் ரோலர் செயின் செட் விலை பெருசு இல்ல, கண்ணை மூடிக்கிட்டு மாத்துங்க.

அப்கிரேடுல எங்கிட்ட கேட்டா முதல் காசு குளிர்ச்சிக்கும் பிரேக்குக்கும்தான். டெட்ராய்ட்ல யோசிச்சு செஞ்ச ரேடியேட்டர், நம்ம ஊர்ல சாயங்காலம் ஃபெடரல் ஹைவே ஜாம்ல ஒரு மணி நேரம் நிக்கிறதுக்குன்னு செய்யல. மூணு ரோ ரேடியேட்டர் இல்லேன்னா நல்ல அலுமினியம், கூடவே ஃபேன் ஷ்ரவுட், அது இல்லாம ஃபேன் சும்மா சூடான காத்தையே சுத்திக்கிட்டு இருக்கும். நம்ம போமன்கள் பல பேரு சூடாகுதுன்னா உடனே தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கிப் போட்டுடுவாங்க. வேணாம். 82 டிகிரி தெர்மோஸ்டாட் இருக்கட்டும், அது இல்லாட்டி ஆயில் சூடேறாது, சிலிண்டர் தேயும், சூட்டுக்கு உண்மையான காரணமும் மறைஞ்சு போயிடும். வெறும் பைப்புத் தண்ணி ஊத்தாதீங்க, கூலன்ட் கலந்து ஊத்துங்க, முழு இரும்பு பிளாக்கு, உள்ள துரு பிடிச்சா மண்ணு மாதிரி அடைச்சுக்கும். பிரேக்குன்னு பாத்தா 65, 66 காடியில மாஸ்டர் சிலிண்டர் ஒரே அறை, ஒரு பைப்பு வெடிச்சா நாலு வீலுக்கும் பிரேக் இல்ல. ரெண்டு அறை மாஸ்டரும் முன்னாடி டிஸ்க்கும் போடாம குதிரைத்திறன் ஏத்துறவங்களை நான் திட்டுவேன், கெந்திங் மலை இறங்கிப் பாருங்க தெரியும்.

அப்புறம் பாயிண்டை (டிஸ்ட்ரிபியூட்டர் உள்ள இருக்குற பழைய சுவிட்ச்) எடுத்துட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன். டைமிங் மொத்தம் 34லேருந்து 36 டிகிரி, 3000 ஆர்பிஎம் பக்கத்துல. ஆனா டேம்பர்ல ரப்பர் நழுவியிருந்தா மார்க்கே பொய் சொல்லும், அதை முதல்ல பாத்துக்கோங்க.

கார்ப் விஷயத்துல பெருசு வாங்கணும்னு ஒரு ஆசை எல்லாருக்கும் இருக்கு. கணக்குப் போட்டுப் பாப்போம்: கியூபிக் இஞ்சை ஆர்பிஎம்-ஆல பெருக்கி 3456-ஆல வகுக்கணும். 302-ஐ 5500-ல ஓட்டினா 480 சிஎஃப்எம் (நிமிஷத்துக்கு இத்தனை கன அடி காத்து), அதுவும் என்ஜின் முழுசா மூச்சு வாங்குனா. தெருவுல ஓடுற என்ஜின் 85 சதவீதம் வாங்குனா பெரிய விஷயம், அப்ப 410 கிட்டத்தான். 600 சிஎஃப்எம் நாலு பேரல் தாராளம். 750 வாங்கி மாட்டுனா கீழ் ஆர்பிஎம்-ல காத்து வேகம் இல்லாம காடி மந்தமாயிடும், ஜாம்ல இழுக்காது. ஹோலியோ எடல்பிராக்கோ உங்க இஷ்டம், டூயல் பிளேன் இன்டேக் போடுங்க, அடியில சூடு ஏறாத ஸ்பேசர் ஒண்ணு வைங்க, இல்லேன்னா மத்தியானம் கடையில சாப்பிட்டு வந்து ஸ்டார்ட் பண்ணா பெட்ரோல் கொதிச்சுப் போயி அரை மணி நேரம் மல்லுக்கட்டணும்.

ஹெடர் (எக்ஸாஸ்ட் குழாய் செட்) வாங்குறதுக்கு முன்னாடி ஸ்டீரிங்கை நினைச்சுக்கோங்க. வலது பக்கம் ஏற்கெனவே ஸ்டார்ட்டர், அங்கேயே நம்ம ஸ்டீரிங் பாக்ஸும். அமெரிக்காவுல எல்லாருக்கும் பொருந்துற நீள டியூப் ஹெடர் நம்மகிட்ட வந்து இடிக்கும். வெட்டி ஒட்டி சரி பண்றாங்க, ஆனா என்னைக் கேட்டா ஹைபோ டிசைன் காஸ்ட் அயர்ன் மேனிஃபோல்டு நல்லது, இடமும் பத்தும், சூடும் கம்மி.

நிஜமா பவர் ஒளிஞ்சிருக்கிறது ஹெட்லதான். ஃபேக்டரி ஹெட்டுக்கு ஓட்டை சின்னது, என்ன கேம் போட்டாலும் மேல போயி மூச்சு முட்டும். அலுமினியம் ஹெட் நல்லதா ஒண்ணு போட்டுட்டு அதுக்கு ஏத்த மாதிரி கேம் எடுங்க, எடை குறையும், வால்வு சீட்டும் ஈயமில்லாத பெட்ரோலுக்கு ஏத்த கெட்டி சீட்டா வந்துடும். பழைய ஹெட்டையே வச்சுக்கிறவங்க எக்ஸாஸ்ட் பக்கம் கெட்டி சீட் போட்டுக்கோங்க, இல்லாட்டி ஹைவேல வேகமா ஓட்ட ஓட்ட வால்வு உள்ள புதைஞ்சுகிட்டே போகும். பழைய மாதிரி ஃப்ளாட் டாப்பெட் கேம்னா முதல் ஸ்டார்ட்ல ஐடில்ல விடாம 2000லேருந்து 2500-ல 20 நிமிஷம் ஓட்டணும், ஜிங்க் அதிகமா உள்ள ஆயில் ஊத்தணும். ரோலர் கேமுக்கு இது தேவை இல்ல, ஆனா டிஸ்ட்ரிபியூட்டர் கியர் ஸ்டீல்ல இருக்கணும், பழைய இரும்பு கியரை மாட்டினா தின்னுடும்.

பெட்ரோல் பத்தி ஒண்ணு. அமெரிக்காக்காரன் 91 ஊத்துன்னு எழுதியிருந்தா அது நம்ம ரோன் (ஆக்டேன்) கணக்கு இல்ல, அவங்க அளவு வேற, அது நம்ம ரோன்95-க்கு கிட்டத்துல வரும். சி கோட் 9.3 கம்ப்ரஷன், ரோன்95-ல ஓடும். ஏ கோட் 10.0, ஹைபோ 10.5, இதுங்களுக்கு ரோன்97 ஊத்துங்க. ஏத்தத்துல சில்லறைக் காசு குலுக்குற மாதிரி சத்தம் கேட்டா உடனே காலை எடுங்க, டைமிங்கை ரெண்டு டிகிரி குறைங்க.

முழு என்ஜினையே மாத்துறதா இருந்தா ஆஸ்திரேலியாவுல ஃபால்கன் எக்ஸ்ஆர்8-கள்ல 90-கள்ல இந்த 5.0 வின்சர்தான் ஓடுச்சு, அதையும் தேடிப் பாருங்க. 80-கள் மஸ்டாங் 5.0-ன்னா ஆயில் பேன் ரெண்டு தொட்டி மாதிரி இருக்கும், நம்ம பழைய காடியில உக்காராது, முன் தொட்டி பேன் மாத்தணும். ஃப்யூவல் இன்ஜெக்‌ஷன்ல வந்ததுன்னா முன் கவர்ல மெக்கானிக்கல் ஃப்யூவல் பம்புக்கு இடம் இருக்காது, வாட்டர் பம்பும் எதிர்ப் பக்கம் சுத்துறது. குதிரைத்திறனைப் பாத்து ஏமாறாதீங்க. 65 ஏ கோட்டுக்கும் 225, 87 ஹெச்.ஓ.-வுக்கும் 225-ன்னு புத்தகத்துல இருக்கும். பழசு ஆல்டர்னேட்டர், எக்ஸாஸ்ட் எல்லாம் இல்லாம மேசையில வச்சு எடுத்த கணக்கு, புதுசு காடியில இருக்குற மாதிரியே எடுத்தது. ரெண்டுல எது நிஜமா இழுக்கும்னு ஓட்டிப் பாத்தவங்களுக்குத் தெரியும்.

கடைசியா கெரான், அதாவது காடியோட பதிவுப் பத்திரம். என்ஜின் மாத்தினா ஜேபிஜே-ல (சாலைப் போக்குவரத்து இலாகா) பதியணும், புஸ்பாகோம் மாதிரி சோதனை மையத்துல இன்ஸ்பெக்‌ஷன் போகணும், என்ஜின் வாங்குன ரசீது, வெளிநாட்டுலேருந்து வந்ததுன்னா கஸ்டம்ஸ் கடுதாசி எல்லாம் பத்திரமா வச்சிருங்க. 1968-க்கு முன்னாடி மஸ்டாங்ல, ஹைபோவைத் தவிர, ஃபேக்டரியில என்ஜின்ல தனியா நம்பர் குத்துறதே இல்ல, அதனால கெரான்ல என்ஜின் நம்பர் இடத்துல என்ன எழுதியிருக்கு, அது காடியில எங்க இருக்குன்னு வாங்குறதுக்கு முன்னாடியே தேடிப் பாத்துக்கோங்க. ரோட் டெக்ஸ் 3000 சிசி தாண்டுனா 2130 வெள்ளி, அதுக்கு மேல ஒவ்வொரு சிசிக்கும் 4.50. 289 வந்து 4728 சிசி, 302 வந்து 4942. செந்தூல் அண்ணன் கெரான்ல இன்னும் பழைய சிசிதான் இருந்துச்சு, ஓட்டிக்கிட்டிருந்தது 302. விபத்து ஏதாவது ஆகி இன்சூரன்ஸ்காரங்க வந்து பாத்திருந்தா என்ன ஆயிருக்கும்? கேபிள் மாத்தி காடி ஓடுன மறு வாரமே ஜேபிஜே-க்குப் போகச் சொன்னேன், போயிட்டாரு. இப்ப அந்த ஏர் கிளீனர் மூடியில ஸ்டிக்கரையும் மாத்தி 302-ன்னு ஒட்டியிருக்காரு.